அண்ணி ஒட்டிய சிவப்பு அம்பு

என் அண்ணியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவளுடைய நாத்தனார். நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வருமா என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம். நல்ல வார்த்தை மட்டுமே எழுதுவதாகவும் எனக்கு உத்தேசம் இல்லை. பொய்யாக ஒரு வரி எழுதினாலும் அவளே வந்து அதில் அம்பு ஒட்டிவிட்டுப் போவாள்.

அண்ணி ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கர். பத்தொன்பது வருடமாக அதே மேஜை, தலைக்கு மேலே அதே குழல் விளக்கு, கழுத்தில் அளவு நாடா. தைத்து முடித்த சட்டைகள் கட்டுக்கட்டாக அவள் முன்னால் வந்து விழும். காலரைத் திருப்பிப் பார்ப்பாள். கைமடிப்பை இழுத்துப் பார்ப்பாள். பொத்தான் வரிசையில் விரலை ஓட்டுவாள். உள்பக்கத்தைப் புரட்டித் தையலை வெளிச்சத்தில் பிடிப்பாள். ஒரு சட்டைக்கு ஒன்றரை நிமிடம். குறை எங்கே இருக்கிறதோ அங்கே நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். அம்பின் முனை குறையைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அரை அங்குலம் தள்ளி ஒட்டினால் அது அவளுக்கே பிடிக்காது. பிறகு அந்தச் சட்டை பாஸ், ஆல்டர், ரிஜெக்ட் என்ற மூன்று குவியல்களில் ஒன்றுக்குப் போகும். ஆல்டர் என்றால் பிரித்து மறுபடி தைக்க வேண்டியது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று தொழிற்சாலையில் பெயர். வீட்டிலும் அதே கண்தான். நான் கட்டிக்கொள்ள இருந்த மனிதரை அண்ணி ஒரே ஒருமுறை, அரை மணி நேரம் பார்த்தாள். அவர் போன பிறகு, "இவரு உன்னப் பத்தி ஒரு கேள்விகூடக் கேக்கலியே," என்று மட்டும் சொன்னாள். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் உட்பட. நாலு வருடம் கழித்து நான் பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்தபோது, அப்பவே சொன்னேனே என்று அவள் வாயைத் திறக்கவில்லை. மாடி அறையைப் பெருக்கித் துடைத்து, ஜன்னல் கொக்கியைச் சரிபண்ணி வைத்திருந்தாள்.

இப்போது எங்கள் தெருமுனையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஒரு நகல் இயந்திரம், இரண்டு கணினிகள், விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்களுக்காக என் வாய். அண்ணியின் பிளாக் பிறந்தது இந்தக் கடையின் இரண்டாவது கணினியில்தான். பெரிய எழுத்தாளர்கள் இதை வலைப்பூ என்கிறார்கள். அண்ணி எழுதியதில் பூ வாசனை எதுவும் கிடையாது.

ஆரம்பித்து வைத்தது தொழிற்சாலையேதான். ஒருநாள் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரையும் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பேச்சாளர் வந்து, மேடையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று மூன்று மணி நேரம் விளக்கினார். முடிவில் ஆளுக்கொரு சின்னப் புத்தகம். முப்பது பாடங்கள், பக்கத்துக்கு ஒன்று. முதல் பக்கத்தில் நிர்வாக இயக்குநர் கைகட்டிக்கொண்டு சிரிக்கும் படம். புத்தகம் வாங்கியவர்களில் பாதிப் பேர் அதை ஆடும் மேஜைக் காலுக்கு அடியில் கொடுத்தார்கள். மீதிப் பேர் வீட்டில் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். அண்ணி ஒருத்திதான் அதை உட்கார்ந்து படித்தாள், அதுவும் அவள் வழக்கப்படி.

ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓர் அளவுச் சீட்டு வரும். காலர் இத்தனை, தோள் இத்தனை, கை நீளம் இத்தனை என்று அதில் இருக்கும். சீட்டில் இருக்கிறது என்பதற்காக எந்தச் செக்கரும் நம்புவதில்லை. நாடாவை வைத்து அளந்து பார்ப்பாள். அந்தப் புத்தகத்தையும் அண்ணி ஓர் அளவுச் சீட்டாகத்தான் பார்த்தாள்.

"முப்பது பாடம் எழுதியிருக்காங்க. ஒண்ணையாவது யாராவது செஞ்சு பாத்துட்டு எழுதினாங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

"அதெல்லாம் யாரு அண்ணி செஞ்சு பாப்பாங்க? கேட்டுட்டு மண்டைய ஆட்டுறதுக்குத்தானே குடுக்குறாங்க."

"அப்ப நான் செஞ்சு பாக்குறேன். வாரத்துக்கு ஒண்ணு. நீ எனக்கு அந்தப் பிளாக்கோ என்னமோ, அதுல ஒரு பக்கம் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். பெயர் கேட்டது கணினி. அண்ணி யோசிக்கவே இல்லை. 'அளந்து பார்த்தது' என்றாள். திங்கள் முதல் சனி வரை ஒரு பாடத்தை அட்சரம் பிசகாமல் செய்வது. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ஒரு நோட்டோடு கடைக்கு வந்து, ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதுவது. கடைசி வரியில் பாஸ், ஆல்டர், ரிஜெக்ட் என்று தீர்ப்புச் சொல்வது. சாவி, அதாவது கடவுச்சொல், என்னிடம் இருந்தது. அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் வேலையெல்லாம் தனக்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

இரண்டாம் பாடம், 'எல்லோரையும் புன்னகையோடு எதிர்கொள்.' அண்ணி சிரித்தாள். செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் வந்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். புதன்கிழமை பேருந்தில் ஒருவர் இறங்கும் இடம் தாண்டியும் கூடவே வந்தார். வெள்ளிக்கிழமை தாடை வலி. ஆல்டர்: 'தேவையான இடத்தில் சிரித்தால் போதும்' என்று தீர்ப்பு.

ஐந்தாம் பாடம், 'பதில் சொல்லும் முன் பத்து வரை எண்ணு.' என் அண்ணன் ஒப்பந்தக் கூலிக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவன். ஊரில் எல்லார் வீட்டு மீட்டரும் எங்கே இருக்கிறது என்று தெரியும்; சொந்தக் கண்ணாடி எங்கே என்று மட்டும் தெரியாது. காலையில் வழக்கம்போல, "என் கண்ணாடி எங்க?" என்று கத்தினான். அண்ணி எண்ண ஆரம்பித்தாள். ஏழு எண்ணும்போது அவனே அதை அலமாரி மேலிருந்து எடுத்துக்கொண்டான். 'இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை. பாஸ்' என்று எழுதினாள்.

ஒன்பதாம் பாடம், இலக்கைத் தினமும் உரக்கச் சொல்ல வேண்டுமாம். நெரிசலான பேருந்தில் ஏறி, "இன்னிக்கு நான் ஜன்னலோரம் உக்காருவேன்," என்று உரக்கச் சொன்னாள். மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். அதுவும் பாஸ்.

இதையெல்லாம் முதலில் படித்தது நான் ஒருத்திதான். பிறகு காலர் தைக்கும் பெண் படித்தாள். அவளிடமிருந்து அந்த வரிசை முழுக்கப் பரவி, இரண்டே மாதத்தில் தேநீர் இடைவேளையில் ஆளாளுக்குக் கைபேசியை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிர்வாகத்துக்கும் தெரியும். சிரிப்பாக இருக்கும்வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் பதினோராம் பாடம் வந்தது. 'குறையைக் காட்டாதே, நிறையைக் காட்டு.'

குறையைக் காட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவளுக்கு இப்படி ஒரு பாடம். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் பன்னிரண்டுக்குப் போயிருப்பார்கள். அண்ணி பிடித்த பிடியை விடுகிற ஜாதி இல்லை. குறையுள்ள சட்டையில் அம்பு ஒட்டாமல், குறையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்தச் சட்டையின் பைக்குள் வைத்தாள். நன்றாகத் தைத்திருந்த சட்டையில், மிக நன்றாக இருந்த இடத்தில், அம்பை ஒட்டினாள். சிவப்பு அம்புதான். ஸ்டோரில் பச்சை அம்பு கிடையாது. குறைக்கு மட்டும்தான் அங்கே அம்பு அச்சடிக்கிறார்கள்.

திங்கள் காலை காலர்காரியிடம் மட்டும், "இன்னிக்கு உனக்கு அம்பு விழுந்தா சந்தோஷப்படு, அது பாராட்டு," என்று சொல்லி வைத்தாள். அவளும் சந்தோஷப்பட்டாள். முப்பத்து நாலு காலர்களில் அம்பு. ஆனால் பார்த்து முடித்த சட்டைகளைத் தட்டில் எடுத்துப் போகிறவருக்கு யார் சொன்னார்கள்? அம்பு ஒட்டிய சட்டை எங்கே போக வேண்டுமோ அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். அந்தத் தளத்தின் கோடியில், ஜன்னலோரமாக, ஆல்டர் மேஜை இருக்கிறது. பதினெட்டு வருடமாகத் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் அங்கே உட்கார்ந்திருப்பார். பிரிமாஸ்டர் என்பார்கள். அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கே கத்தியை வைப்பார். பேச்சே கிடையாது.

சாப்பாட்டு மணி அடித்தபோதுதான் அண்ணி அந்தப் பக்கம் போனாள். முப்பத்து நாலு காலரும் பிரிந்து கிடந்தன. அந்த வருடமே அந்த வரிசையில் தைத்த காலர்களில் அவைதான் ஒன்றாம் நம்பர் காலர்கள்.

"மாஸ்டர், இதையெல்லாம் ஏன் பிரிச்சீங்க?"

"அம்பு இருந்துச்சே செக்கரம்மா."

"காலர் நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லான்னா நல்லா இல்ல, அச்சு மாதிரி இருந்துச்சு. நானும் முழிச்சேன். ரெண்ட எடுத்து ஜன்னல் கிட்ட வெச்சுக்கூடப் பாத்தேன். ஒண்ணும் தெரியல. உங்க கண்ணுக்குத் தெரிஞ்சது என் கண்ணுக்குத் தெரியலபோலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

பிரிமாஸ்டர் அவளை ஏதோ பாஷை தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாராம். "கேக்குறதா? இங்க யாரு கேட்டிருக்கா?"

அண்ணி நேராகச் சூப்பர்வைசரிடம் போய், தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார், சிரித்தார், இரண்டு நாளில் மறுபடி தைத்துவிடலாம் என்றார். காலர்காரிதான் மூன்று நாள் அண்ணியோடு பேசவில்லை. அது நியாயம்தான். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும், அண்ணி எழுதாமல் இருந்திருந்தால்.

அந்த ஞாயிறு அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

'பதினோராம் பாடம் ரிஜெக்ட். என் தவறை முதலில் சொல்கிறேன். அம்பு என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று தெரிந்தும் அதை வேறு வேலைக்கு எடுத்தேன். ஒருவரிடம் சொன்னேன், மற்றவர்களிடம் சொல்லவில்லை. காலர் தைத்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் ஒரு வாரமாக என்னை அரிப்பது அது இல்லை. காலர் நன்றாக இருந்தது பிரித்தவருக்குத் தெரியும். வெளிச்சத்தில் வைத்தும் பார்த்தார். தெரிந்தே பிரித்தார். எங்கள் தளத்தில் மேலேயிருந்து ஓர் அம்பு வந்தால் போதும், சரியாக இருப்பதையும் பிரித்துப் போட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். இது அம்பு ஒட்டியவள் குற்றமா, பிரித்தவர் குற்றமா என்று யோசித்துப் பார்த்தேன். கேள்வி கேட்கக் கூடாது என்று எங்களைப் பழக்கியவர்கள் குற்றம்.'

திங்களன்று தேநீர் இடைவேளையில் யாரும் சிரிக்கவில்லை. படித்துவிட்டுக் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார்கள். புதன்கிழமை அண்ணியை ஹெச்.ஆர் சார் கூப்பிட்டார்.

ஹெச்.ஆர் சார் கடுமையாகப் பேசத் தெரியாதவர். வெண்ணெயில் ஊசி இறக்குவது போலப் பேசுவார். நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அடுத்த வாரம் வெளியிலிருந்து பெரிய வாடிக்கையாளர் வருகிறார், இந்த நேரத்தில் இப்படியொரு பக்கம் இருப்பது தொழிற்சாலைக்கு நல்லதா என்று கேட்டார். பக்கத்தை எடுத்துவிட வேண்டும். ஒரு கடிதம் தயாராக இருக்கும், திங்கட்கிழமை வந்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி. போடாவிட்டால் செக்கர் மேஜையை வேறு யாருக்காவது கொடுக்க வேண்டியிருக்கும்.

அண்ணி இதை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். அண்ணன் ஆகாசத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான்.

"பத்தொம்பது வருஷ வேலடி! ஒரு பக்கம் எழுதினதுக்காக அதுக்கு வேட்டு வெச்சிடாத. அழிச்சிட்டுக் கையெழுத்தப் போட்டுட்டு வா. எழுதாம இருந்தா சோறு எறங்காதா?"

"எறங்கும். ஆனா இது வேற," என்றாள் அண்ணி. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

இனி வருவது என் லட்சணம். இதை எழுதாமல் விட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அண்ணி படிப்பாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் மீட்டர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். "சாவி உங்கிட்டதானே இருக்கு? அந்தப் பதினோராவத மட்டும் எடுத்துடு. அவளுக்கு நாம சொன்னா ஏறாது. பக்கம் இல்லன்னா அவங்களும் விட்டுடுவாங்க. அவ நல்லதுக்குத்தானே சொல்றேன்," என்றான். அவன் கண்ணில் பயம் இருந்தது. எனக்கும் இருந்தது. இந்த வீட்டுக்கு நிரந்தரமாக ஒரு வேலை என்று இருப்பது அவளுடையது மட்டும்தான். எடுத்துவிட்டேன். முழுக்க அழிக்கவில்லை, வெளியே தெரியாமல் உள்ளே நகர்த்தி வைத்தேன். அழிக்கவில்லையே என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வேறு.

ஞாயிறு காலை பதினோரு மணி. அண்ணி குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தைத் திறந்தாள். பத்து இருந்தது. பதினொன்று இல்லை. மேலே போனாள், கீழே வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எங்க போச்சு?"

"நான்தான் எடுத்தேன்."

"அதுல தப்பு இருந்துச்சா?"

"இல்ல அண்ணி."

"பொய் இருந்துச்சா?"

"இல்ல."

"பின்ன ஏன் எடுத்த?"

"அண்ணன் சொன்னான்."

சொல்லிவிட்டேன், சொன்ன வாயை மூடுவதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று தெரிந்தே பிரித்திருக்கிறேன். பிரிமாஸ்டராவது ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நான் அதுகூடச் செய்யவில்லை.

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீ பெட்டியோட வந்த அன்னிக்கு, திரும்பிப் போ, திரும்பிப் போன்னு எத்தன பேரு சொன்னாங்க? ஏன் நீ போகல?"

"நான் வந்தது சரின்னு எனக்குத் தெரியும். அதான்."

"எனக்கும் அதான்."

கைப்பையைத் திறந்து ஒரு சிவப்பு அம்பை உரித்து, என் கணினியின் மௌஸ் மேல், என் விரல் படும் இடத்தில் ஒட்டினாள். நான் பதினோராவதை மறுபடி வெளியே எடுத்துப் போட்டேன். அவள் அதை ஒருமுறை முழுக்கப் படித்தாள், ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை அந்த அறையில் நான் இல்லை. ஆனால் அண்ணி சொன்னதையும் பிரிமாஸ்டர் பிறகு என் கடைக்கு வந்து சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல் பிசகவில்லை.

மேஜை மேல் கடிதம் தயாராக இருந்தது. அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். மேலேயிருந்து கீழே படித்தாள், தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பழக்கம். பிறகு மேலங்கிப் பையிலிருந்து ஸ்டிக்கர் அட்டையை எடுத்தாள். கடிதத்தில் 'அறியாமையால் எழுதிவிட்டேன்' என்று இருந்த இடத்தில் ஓர் அம்பை ஒட்டினாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் ஹெச்.ஆர் சார்.

"இது தப்பு சார். தெரிஞ்சுதான் எழுதினேன்."

அடுத்த வரியில் 'ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் உறவினரின் தூண்டுதலின்பேரில்' என்று இருந்தது. நான்தான் அந்த உறவினர். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில் நகல் இயந்திரத்தில் தாள் சிக்கிக்கொண்டது. அண்ணி அங்கேயும் அம்பு ஒட்டினாள். "எங்க நாத்தனார் தூண்டிவிட்டு நான் ஆடுறதா இருந்தா, இந்நேரம் எங்க வீடு ரெண்டாயிருக்கும் சார்."

'மேற்படி முப்பத்து நான்கு காலர்களும் உண்மையில் குறையுள்ளவை' என்ற வரியில்தான் அவள் கை ஒரு நிமிடம் நின்றது. அந்த வரி அவளைப் பற்றியது இல்லை. காலர்காரியைப் பற்றியது. அதில் கையெழுத்துப் போட்டால், பாராட்ட வேண்டும் என்று அம்பு ஒட்டிய கையாலேயே அந்தப் பெண்ணின் வேலையை மோசம் என்று எழுதிக் கொடுத்ததாக ஆகும். அம்பை ஒட்டினாள். கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"மூணு எடத்துல தப்பு இருக்கு. ஆல்டர். சரிபண்ணிக் கொண்டாங்க, கையெழுத்துப் போடுறேன்," என்று கடிதத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

ஹெச்.ஆர் சார் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கதவுக்கு வெளியே பிரிமாஸ்டரை நிற்க வைத்திருந்தார். உள்ளே கூப்பிட்டு அவரிடம் இன்னொரு தாளை நீட்டினார். காலர்களில் குறை இருந்ததைத் தன் கண்ணால் கண்டதாகவும், அதனால்தான் பிரித்ததாகவும் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். நாலே வரி. அவர் கையெழுத்து விழுந்தால் அண்ணி எழுதியது முழுவதும் பொய். பிறகு மேஜை என்ன, வேலையே போகும்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க மாஸ்டர். சும்மா ஒரு சம்பிரதாயம்தான்."

பிரிமாஸ்டர் தாளை வாங்கினார். அண்ணி அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவது போல ஆகிவிடும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அதை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய அசையப் படித்தார். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்டார்.

"சார், இதுல எங்க அம்பு இருக்கு?"

"என்ன?"

"காலர்ல குறைன்னு எழுதியிருக்கீங்க. எங்க குறை? மடிப்பா, முனையா, உள்தையலா? எடத்தச் சொல்லுங்க, போடுறேன்."

ஹெச்.ஆர் சார் அந்தக் காலர்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"நல்லா இருந்துச்சு சார்," என்றார் பிரிமாஸ்டர். "நான் பாத்தேன். பாத்துட்டேதான் பிரிச்சேன். ஒரு தடவ பிரிச்சதே போதும்." தாளை மேஜை மேல் வைத்துவிட்டு, தன் ஆல்டர் மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் பிறகு என் கடைக்கு வந்தது எதற்குத் தெரியுமா? பதினோராம் பாடத்தைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லி. அவர் கைபேசியில் எழுத்து சின்னதாகத் தெரிகிறதாம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கை மறுபடி மறுபடி அந்தப் பையைத் தொட்டுப் பார்க்க, படி இறங்கினார்.

எல்லாம் சுபம் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். அண்ணியின் மேஜையை எடுத்துக்கொண்டார்கள். காரணம் எழுத்தில் இல்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் நூல் வெட்டும் பகுதியில், கையில் சின்னக் கத்தரிக்கோலோடு, தொங்குகிற நூல் முனைகளை வெட்டிக்கொண்டிருக்கிறாள். பத்தொன்பது வருடக் கண்ணுக்கு அந்த வேலை. எனக்கு வயிறு எரிகிறது. அவளுக்கும் வலிக்கிறது, எனக்குத் தெரியும்; முதல் நாள் வீட்டுக்கு வந்து அளவு நாடாவை ஆணியில் மாட்டியவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. மூன்று அம்புகளோடு அந்தக் கடிதமும் ஏதோ ஓர் இழுப்பறையில் இருக்கிறது. அதைத் திருத்திக்கொண்டு வர இதுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவளுடைய மேஜையில் இப்போது உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு தொல்லை. அவள் அம்பு ஒட்டி அனுப்பும் சட்டைகளில் சந்தேகமானதைப் பிரிமாஸ்டர் எடுத்துக்கொண்டு, தளம் முழுக்க நடந்து வந்து, "இதுல என்ன குறை, காட்டுங்க," என்று நிற்கிறார். காட்டினால் பிரிக்கிறார். காட்டாவிட்டால் பிரிப்பதில்லை. காலர் வரிசையும் இப்போது கேட்க ஆரம்பித்துவிட்டது. சூப்பர்வைசருக்கு மூச்சு முட்டுகிறதாம்.

பன்னிரண்டாம் பாடம், 'மாற்றத்தைக் கைகுலுக்கி வரவேற்.' அண்ணி அதையும் செய்து பார்த்தாள். நூல் வெட்டும் பகுதிக்குப் போன முதல் நாள், ஹெச்.ஆர் சார் அறைக்குப் போய், எல்லாரும் பார்க்க அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தாள். 'அவர் கை சில்லென்று இருந்தது. என் கை சாதாரணமாக இருந்தது. பாஸ்' என்று எழுதினாள்.

நேற்று அண்ணன் கடைக்கு வந்தான். மறுபடியும் மீட்டர் புத்தகம், மறுபடியும் சுற்றுமுற்றும் பார்வை.

"அந்தப் பதினொண்ணு இருக்கட்டும். அது சரிதான். இந்த அஞ்சாவது இருக்கே, என் கண்ணாடி சமாச்சாரம்... போற வீட்டுலயெல்லாம் மீட்டரக் காட்டாம, 'கண்ணாடி கெடச்சுதா'ன்னு கேக்குறாங்க. அத மட்டும் சத்தமில்லாம எடுத்துடேன்."

"அதுல பொய் ஏதாவது இருக்காண்ணே?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். உதடு அசைவதைப் பார்த்தேன், எண்ணிக்கொண்டிருந்தான். பத்து வந்திருக்க வேண்டும்.

"இல்ல," என்றான்.

"அப்ப எடுக்க முடியாது," என்றேன். மௌஸைத் தொட்டுக்கொண்டுதான் சொன்னேன். அண்ணி ஒட்டிய அம்பு என் விரலுக்கு அடியில் இன்னும் இருக்கிறது.